‘முதல்’ என்ற சொல்லின் கணக்கு

லொரைன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகம் 2004இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மீண்டும் அரங்கேறியது. அதில் லீனா யங்கராக நடித்த பிலீசியா ரஷாத், நாடகப் பிரிவில் சிறந்த முதன்மை நடிகைக்கான டோனி விருதைப் பெற்றார். அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. டோனி விருதுகள் தொடங்கியதோ 1947இல். 1959இல் இதே வேடமேற்ற கிளாடியா மெக்நீலுக்குப் பரிந்துரை மட்டுமே கிட்டியது. ஆகவே ‘முதல்’ என்பதை 57 ஆண்டுக்கால மறுப்பின் கணக்காகவும் நாம் வாசிக்கிறோம்.

லீனா வெறும் பொறுமையின் உருவமான தாய் அல்லள். கணவரின் காப்பீட்டுத் தொகையில் முன்பணம் கட்டி, வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்குபவள். குடிவராதிருக்கப் பணம் தருவதாக அங்கிருந்து வரும் பேரத்தை அவள் குடும்பம் நிராகரிக்கிறது. சாதி கேட்டு வாடகை வீடு மறுக்கப்படும் நமக்கு அக்காட்சி அந்நியமன்று. கலைஞரைப் பாராட்டுவோம், அவர் அரங்கில் நிறுவிய உரிமையைத் தெருவிலும் கோருவோம்.