கரண்ட் போனதும் சோலார் நிற்பது சதியா?

"மாடியில் 3 கிலோவாட் பேனல், உச்சி வெயில். ஆனாலும் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறது. எல்லாம் மின்வாரியத்தின் சூழ்ச்சி" என்கிறார் நண்பர். கோபம் நியாயம்தான், ஆள்தான் தப்பு.

கிரிட்டோடு சேரும் இன்வெர்ட்டர் சொந்தத் தாளம் போடுவதில்லை. லைனில் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் 230 வோல்ட் அலையைக் கவனித்து, தன் அலை அதோடு அச்சாகப் பொருந்திய பிறகே ரிலேயை 'டக்'கென்று சேர்க்கும். லைன் அலை மேல் உச்சியிலும் இது கீழ் உச்சியிலும் இருக்கும்போது சேர்த்தால் இடைவெளி 650 வோல்ட். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தாங்காது.

லைன் செத்தால் 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வழியாகப் புகுந்து 11,000 வோல்ட்டாக ஏறலாம். லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இறக்கிவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனுக்கு அது எப்படித் தெரியும்?

பழைய பேட்டரி இன்வெர்ட்டர் மட்டும் ஓடுகிறதே என்கிறார் நண்பர். அது வீட்டை லைனிலிருந்து கழற்றிவிட்டல்லவா ஓடுகிறது! அதே வேலையைச் செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் கிடைக்கிறது. பேட்டரியோடு சேர்த்தால் காசு கூடும். விற்கும்போதே இதைச் சொல்லாத டீலரிடம் சண்டைக்குப் போங்கள், நானும் கூட வருகிறேன்.