மணிக்கணக்கில் கல்வி

பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' 1984 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சிறுநகரக் கல்லூரி மாணவருக்கும் நல்ல ஆசிரியர் திரைவழியே வாய்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வி ஊடக மையங்கள் எழுந்தன. அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அவற்றில் அடக்கம். இம்மையங்கள் சாதித்தது என்ன என்று கேட்டால், இத்தனை நிகழ்ச்சிகள், இத்தனை மணி நேரம், இத்தனை விருதுகள் என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. இவை ஸ்டுடியோ சும்மா கிடக்கவில்லை என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். பார்த்தவருக்குப் பாடம் புரிந்ததா என்பதற்கு இதில் விடையில்லை.

அளக்கும் வழி தெரியாத நாடல்ல இது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சியைக் கொண்டுபோன 'சைட்' திட்டத்தில், மதிப்பீடும் திட்டத்தின் அங்கமாகவே இருந்தது. மானிடவியல் ஆய்வாளர்கள் கிராமங்களில் தங்கி, பார்ப்பவர்களைக் கவனித்தார்கள். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இஸ்ரோ நடத்திய திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நிகழ்ச்சியை எடுப்பதற்கு முன்பே மக்களிடம் ஆய்வு செய்தது. ராக்கெட் விடும் நிறுவனத்துக்குத் தோன்றிய இந்த எளிய யோசனை, கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகங்களில் ஏன் வேரூன்றவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்.

தயாரிப்பதோடு மையத்தின் வேலை முடிகிறது, பயன்படுத்துவது கல்லூரியின் பாடு என்று சிலர் வாதிடுவார்கள். அப்படிப் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுசாட் சாட்சி. 2004இல் கல்விக்கென்றே ஏவப்பட்ட செயற்கைக்கோள் அது. அதன் பயன்பாட்டை ஆராய்ந்து 2013இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, இணைப்புத் திட்டமிடல், பாடத் தயாரிப்பு, நிர்வாகம் ஆகிய மூன்றிலுமே குறை கண்டது. எங்கே, யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் செய்யும் பாடம், முகவரி எழுதாமல் பெட்டியில் போட்ட கடிதம்தான்.

இணையம் வந்தபின் அந்தக் கவலை தீர்ந்தது, பார்வை எண்ணிக்கையே சொல்லிவிடுமே என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை உண்டு. ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல், வாராந்தரப் பயிற்சியும் மேற்பார்வையுடன் கூடிய தேர்வும் வைக்கிறது. வெறும் ஒளிபரப்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தேர்வு மதிப்பெண் மாணவரின் கணக்கில் ஏறுகிறது. ஒரே கேள்வியில் பெரும்பாலோர் தடுமாறினால் தவறு பாடத்தில் இருக்கக்கூடும். அந்தப் பகுதியைத் திரும்ப எடுப்பது யார் பொறுப்பு?

பணமில்லை, காலமில்லை என்பார்கள். முழுமையாகாத முதல் படத்தொகுப்பை ஓர் அரசு கலைக் கல்லூரி வகுப்பில் போட்டுக் காட்டி, பத்துக் கேள்வி கேட்டு, விளங்காத இடத்தைத் திருத்துவதற்குப் பெரிய செலவில்லை. முடிந்த படத்தைத் திரும்ப எடுப்பதுதான் செலவு. தடை வேறிடத்தில் இருக்கிறது: எடுத்த ஐம்பது பாடங்களில் பத்து தேறவில்லை, கைவிட்டோம் என்று ஒரு மையம் எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதன் மானியத்தில் கை வைக்காத நிதிக்குழு வேண்டும்.