கிரிப்டோ கேமில் நிலம் பிடிக்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

"மச்சி, இந்த கேம்ல இப்ப நிலம் வாங்கிப் போட்டா ஆறு மாசத்துல டபுள்!" இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். எனக்கு அனுப்பியவர் கல்லூரி நண்பர். "சரி, இதை எப்படி விளையாடணும்? எப்படி ஜெயிக்கணும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடா, வாங்கிப் போட்டுட்டு விடு" என்று பதில் வந்தது.

சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. விளையாடத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை கேம் என்று எப்படிச் சொல்வது? பிளாக்செயினில் நிலம் பிடிக்கும் விளையாட்டுகள் இரண்டு வகை. ஒன்றில் மூளையைப் போட்டு இடம் பிடிக்கிறோம். இன்னொன்றில் பணத்தைப் போட்டு இடம் வாங்குகிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தால் கைக்காசு போய்விடும்.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் 'டார்க் ஃபாரஸ்ட்'. அதில் ஜெயிப்பது எப்படி என்று பார்த்துவிட்டு, நண்பரின் மெசேஜுக்கு வருவோம்.

டார்க் ஃபாரஸ்ட்: அது என்ன கேம்?

பிரையன் கு என்ற டெவலப்பரும் அவரது குழுவினரும் 2020-ல் கொண்டுவந்த விண்வெளி ஸ்ட்ராட்டஜி கேம். பெயர், சீன எழுத்தாளர் லியு சிஷினின் நாவலிலிருந்து வந்தது. இருட்டுக் காட்டில் ஒளிந்திருக்கும் வேட்டைக்காரர்களைப் போல, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பவர் காலி என்பதுதான் அதன் அடிப்படை யோசனை. கேமும் அதேதான். ஒரு சின்ன கிரகத்தில் தொடங்குவீர்கள். பக்கத்துக் கிரகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

பிளாக்செயினில் நடப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியுமே, அப்புறம் எப்படி ஒளிவது? அங்கேதான் 'ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப்' வருகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாமலே, என் நகர்வு விதிப்படிதான் நடந்தது என்பதைக் கணித ரீதியாக நிரூபித்துவிடலாம். செயினில் பதிவாவது கிரகத்தின் அடையாள எண் மட்டுமே. அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது, அந்தப் பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தவருக்குத்தான் தெரியும்.

நிரல் திறந்த மூலமாகக் கிடைப்பதால், ரசிகர் குழுக்களும் சொந்தமாகச் சுற்றுகளை நடத்தியிருக்கின்றன. சுற்றுக்குச் சுற்று சில எண்கள் மாறலாம். கீழே இருப்பது பொதுவான கணக்கு.

ஜெயிக்க 5 வழிகள்

1. பிடிப்பதற்கு முன் தேடுங்க

தொடக்கத்தில் வரைபடம் முழுக்க இருட்டு. உங்க கணினி ஒவ்வொரு ஆயத்தொலைவாக எடுத்து ஹாஷ் கணக்கு போட்டு, அங்கே கிரகம் இருக்கிறதா என்று பார்க்கும். லேப்டாப் ஃபேன் கத்தும், பரவாயில்லை. முதல் சில மணி நேரம் கிரகங்களைப் பிடிப்பதில் காட்டும் வேகத்தை, தேடுவதிலும் காட்டுங்க. எதிரியின் பகுதியை நீங்கள் தேடி முடித்துவிட்டு, உங்க பகுதியை அவர் தேடாமல் இருந்தால் பாதி ஜெயித்த மாதிரி. அவர் செய்வது உங்களுக்குத் தெரியும், நீங்கள் செய்வது அவருக்குத் தெரியாது.

2. எனர்ஜியை நிரம்ப விடாதீங்க

கிரகத்தின் எனர்ஜி ஒரே சீராக வளராது. பாதி நிரம்பியிருக்கும்போதுதான் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். 90 சதவீதம் நிரம்பிவிட்டால், அந்த உச்ச வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 10 சதவீதத்துக்கு இறங்கினாலும் அதே நிலைமைதான். அதனால் 20-லிருந்து 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அனுப்பிக்கொண்டே இருங்க. "ஃபுல் ஆகட்டும், அப்புறம் தாக்கலாம்" என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

3. தூரம்தான் உண்மையான எதிரி

ஒரு கிரகத்தின் கொள்ளளவு 100, நீங்கள் அனுப்புவது 80 என்று வைத்துக்கொள்வோம். அதன் எட்டும் தொலைவு எவ்வளவோ, அவ்வளவு தூரம் போகும்போது அனுப்பியது பாதியாகிவிடும். அதிலிருந்து கொள்ளளவில் 5 சதவீதமும் கழியும். ஆக, போய்ச் சேர்வது 35. அதைப்போல இரண்டு மடங்கு தூரம் என்றால் வெறும் 15. சின்னக் கிரகங்களிலிருந்து தூரத்து எதிரியைத் தாக்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் கொண்டுபோவது மாதிரி. பக்கத்தில் இருக்கும் பெரிய கிரகம் ஒன்றைப் பிடித்து, சின்னதுகளின் எனர்ஜியை அதில் சேருங்க. பெரிய கிரகத்துக்கு எட்டும் தொலைவு அதிகம். அங்கிருந்து பாயலாம்.

4. வெள்ளியைச் சிதறவிடாதீங்க

சிறுகோள் பகுதிகளில் கிடைக்கும் வெள்ளியை வைத்துத்தான் கிரகங்களை மேம்படுத்த முடியும். பாதுகாப்பு, எட்டும் தொலைவு, வேகம் என மூன்று பாதைகள் உண்டு. ஒரு கிரகத்தை எத்தனை முறை மேம்படுத்தலாம் என்பதற்கு உச்சவரம்பும் உண்டு. எல்லாக் கிரகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எதுவும் தேறாது. உள்ளே இருக்கும் பெரிய கிரகத்துக்கு எட்டும் தொலைவு, எல்லையில் இருப்பதற்குப் பாதுகாப்பு என்று பிரித்துக் கொடுங்க.

5. நீங்க தூங்கினாலும் கேம் தூங்காது

இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு சுற்றில், இரவு படுக்கும் முன் முக்கியக் கிரகத்தின் எனர்ஜியை மொத்தமாக வழித்து ஒரு தாக்குதலுக்கு அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் தாக்குதல் வெற்றி. ஆனால் முக்கியக் கிரகம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்! நீங்கள் எந்த நேரத்தில் நகர்வுகள் செய்கிறீர்கள் என்பது செயினில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து எப்போது தூங்குவீர்கள் என்றும் கணித்துவிடுவார்கள். படுக்கும் முன் எல்லைக் கிரகங்களில் எனர்ஜி இருக்கட்டும். ஆயத்தொலைவு தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டை எங்கேயும் போடாதீங்க.

பிளக்-இன் பயன்படுத்த இந்த கேமில் தடையில்லை. ஆனால் யாரோ எழுதிய நிரலைப் படிக்காமல் ஓட்டினால், வாலட்டின் சாவியையே அது திருடிவிடலாம். கேமுக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்ளுங்க. சேமிப்பு இருக்கும் வாலட்டை இணைக்கவே வேண்டாம்.

சரி, நண்பர் சொன்ன நிலம்?

மேலே பார்த்த ஐந்தும் அர்த்தமுள்ளதாக இருக்க ஒரே காரணம் தூரம். தூரம் போனால் எனர்ஜி கரைகிறது, நேரம் ஆகிறது. அதனால்தான் இந்த இடத்துக்கு ஒரு மதிப்பு, அந்த இடத்துக்கு வேறு மதிப்பு.

இப்போது நிலம் விற்கும் மெட்டாவெர்ஸ்களைப் பாருங்க. டீசென்ட்ராலேண்டில் சுமார் 90,000 மனைகள். 'தி சாண்ட்பாக்ஸ்' வரைபடத்தில் 1,66,464 மனைகள். "எண்ணிக்கை அவ்வளவுதான், இனி வராது, அதனால் விலை ஏறும்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. ஆனால் டீசென்ட்ராலேண்டில் ஆயத்தொலைவைத் தட்டினால் எந்த மூலைக்கும் நொடியில் போய்விடலாம். நடந்தே போக வேண்டாத ஊரில் மெயின் ரோடு மனைக்கும் கடைசித் தெரு மனைக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வரைபடம் நிரம்பினால் வேறு கம்பெனி வேறு வரைபடத்தைத் திறக்கப் போகிறது.

2021 நவம்பரில் சாண்ட்பாக்ஸில் ஒரு நிலம் 43 லட்சம் டாலருக்கு விற்றது. அதே மாதம் அதன் சாண்ட் டோக்கன் 8 டாலரைத் தாண்டியது. 2022 முடியும்போது அந்த டோக்கன் அரை டாலருக்கும் கீழே. உச்சத்தில் வாங்கியவர்கள் கேமில் தோற்கவில்லை. அடுத்து வாங்க ஆள் வரவில்லை, அவ்ளோதான்.

இந்தியாவில் இன்னொரு கணக்கும் உண்டு

கிரிப்டோ, என்எஃப்டி லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு மனையில் 50,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 50,000 ரூபாய் நஷ்டம் என்றால், கையில் நிற்பது பூஜ்யம். கட்ட வேண்டிய வரி மட்டும் 15,600 ரூபாய்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டமும் இருக்கிறது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடும் ஆன்லைன் கேம்களை அது தடை செய்கிறது. காயின், டோக்கன் என்று எந்தப் பெயரில் கட்டினாலும் கணக்கில் வரும். நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு, ஆடுபவருக்கு இல்லை. ஆனால் ஒரு கேம் மூடப்பட்டால் அதில் நீங்கள் வாங்கிய நிலத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?

பணம் போடும் முன் 3 கேள்விகள்

விலை ஏறாவிட்டாலும் இந்த கேமை விளையாடுவேனா? இந்த இடத்தால் கேமுக்குள் என்ன பயன்? இன்றைக்கே விற்க நினைத்தால் வாங்க யார் இருக்கிறார்கள்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பர்ஸை மூடிவிடுங்க.

டார்க் ஃபாரஸ்டில் நான் இழந்தது ஒரு கிரகமும் ஒரு ராத்திரித் தூக்கமும். அடுத்த சுற்றில் மீட்டுக்கொள்ளலாம். இஎம்ஐ போக மிஞ்சிய சம்பளத்தில் வாங்கிய மனைக்கு அடுத்த சுற்று கிடையாது. இதையேதான் நண்பருக்கும் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.