வீட்டுக்குள் எத்தனை டிகிரி?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, வாடகைக்குக் குடியிருக்கிறேன். கத்திரி வெயில் தொடங்கினால் அரசிடமிருந்து அறிவுரை வந்துவிடும்: பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள், வீட்டிலேயே இருங்கள். நல்ல அறிவுரைதான். வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

நானே ஒரு வெப்பமானி வாங்கிக் காலண்டர் ஆணியில் மாட்டினேன். போன மே மாதத்தில் ஓர் இரவு, 11 மணிக்கு அது 35-ஐக் காட்டியது. பால்கனிக்கு எடுத்துப்போனால் 31. அம்மா தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுப்பார். காய்ந்ததும் எழுந்து மறுபடி நனைப்பார். பரணில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

காரணம் ரகசியமில்லை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. அந்தச் சூடு மெல்ல இறங்கி, நாம் பாய் விரிக்கும் நேரத்துக்குத்தான் உள்ளே வந்து சேர்கிறது. பழைய மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் வந்த பிறகும் ஜல்லியும் தட்டோடும் பல காலம் கூடவே வந்தன. என் தலைக்கு மேல் இருப்பது வெறும் சிமென்ட் பூச்சு. ஜன்னல் இருக்கிறது, ஆனால் கையை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர். பிற்பகல் கடற்காற்று அந்தச் சந்துக்குள் நுழைவதில்லை. நுழைவதெல்லாம் பக்கத்து வீட்டு ஏ.சி. கக்கும் அனல்தான்.

இதையெல்லாம் கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, ஓர் ஆண்டின் 8,760 மணி நேர வானிலையையும் அதன்மேல் ஓட்டிப் பார்த்தால், எந்த அறையில் எத்தனை இரவு தூங்க முடியாது என்று தெரிந்துவிடும். குளிருக்குப் பேர்போன இங்கிலாந்தில், புது வீடு அளவுமீறிச் சூடேறாது என்று காட்டியாக வேண்டும் என்பது 2022 ஜூனிலிருந்து கட்டட விதி. இப்படிக் கணக்கிட்டுக் காட்டுபவர்களுக்கு அங்கே ஓர் அளவுகோல் உண்டு: இரவு 10 முதல் காலை 7 வரை படுக்கையறை 26 டிகிரியைத் தாண்டும் நேரம், ஆண்டு முழுவதும் சேர்த்து நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. விதி வந்த மறு மாதமே லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. 26 என்பது நமக்குச் சிரிப்பாக இருக்கும். நம் உடம்புக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் ஏற்ற எண்ணை நாம் வைத்துக்கொள்ளலாமே.

வெறுங்கையோடு தொடங்க வேண்டியதும் இல்லை. மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு 2018-லேயே வந்துவிட்டது. சென்னை போன்ற ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. கூரை கடத்தும் வெப்பத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும். சின்ன வீடுகளுக்கு இந்த இரண்டையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கணினிக் கணக்கெல்லாம் பெரிய அடுக்ககங்களுக்குப் போதும்.

அந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் ஏமாறக் கூடாது. ஒன்று, ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். மின்வெட்டிலும் மாதக் கடைசியிலும் அது ஓடுவதில்லை. இன்னொன்று, எந்த வருடத்து வெயில் என்பது. இன்று எழும்பும் கட்டடம் 2070-லும் நிற்கும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைத்தால் இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்கிறோம். வீட்டை மட்டும் பழைய வானிலைப் பதிவுக்குப் பிடித்தாற்போல் தைக்கலாமா?

2003-இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. பல வீடுகளில் அது அதிகாரி கண்ணுக்குக் காட்ட ஒரு குழாயாகச் சுருங்கியதையும் பார்த்தோம். வெப்பக் கணக்கும் இன்னொரு முத்திரைத் தாளாகிவிடக் கூடாது என்றால், குடிவந்த பிறகு சில வீடுகளிலாவது மே மாத இரவில் அளந்து பார்க்க வேண்டும். அரசே கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேல் தளங்களில் இதைத் தொடங்குங்கள். வெப்ப அலையை 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தாயிற்று. பேரிடருக்குப் பயந்து ஓடி ஒளியும் இடமும் சூடாக இருக்கிறதே என்பதுதான் என் முறையீடு.

எங்கள் எதிர்மனையில் புதுக் கட்டடம் எழும்புகிறது. நாலாவது தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், மேலே தட்டோடு பதிப்பீர்களா என்று கேட்டேன்.

“பிளான்ல இல்ல சார்” என்றார். “அடுத்த வாரம் கான்கிரீட். வேணும்னா ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க.”

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடித்தனக்காரன்