செஞ்சிலுவை கிராமத்துக்கு வரட்டும்!

1920-ம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம். நாட்டுக்கு ஜனாதிபதி, மாநிலத்துக்குக் கவர்னர், ஜில்லாவுக்குக் கலெக்டர் என்பதே அதன் தலைமை வரிசை. அதன் ரத்ததான, நிவாரணப் பணிகளை மதிக்கிறோம். ஆனால் மேலிருந்து இறங்கும் இந்த அமைப்பு வெள்ளத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்குமா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையிலிருந்து கடல்வரை தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளுடன் ரயில் நின்றுவிட்டது. அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் யார்? பக்கத்துக் கிராமத்து உழைப்பாளி மக்கள்!

ஆகவே ஆற்றங்கரைக் கிராமந்தோறும் சங்கக் கிளை வேண்டும். விவசாயத் தொழிலாளரும் பெண்களும் அதை நடத்த வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் படகும் மருந்தும் அரிசியும் அவர்கள் கையிலிருக்க வேண்டும். அடுத்த மழைக்குள் சர்க்கார் இதைச் செய்தாக வேண்டுமென வற்புறுத்துகிறோம்.