தார்ப்பாய்க்குக் கீழே எத்தனை நாள்?



2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் குடிசை, தோப்பு, படகு, மின்கம்பம் எதையும் விட்டுவைக்கவில்லை. கூரை இழந்தவர்கள் முகாம்களில் ஒதுங்கினார்கள். அப்புறம்?

மாநில அரசு கேட்டது சுமார் 15,000 கோடி. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. நூறு ரூபாய் கேட்ட இடத்தில் எட்டு ரூபாய்கூட முழுசா வரலை! பிரதமர் எட்டிக்கூடப் பார்க்கலை.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவிச்சாங்க. அதில் 500 மரத்தை வெட்டி அகற்ற. மிச்சம் 600. இன்னைக்கு கன்னு வச்சா காய்க்க ஆறேழு வருஷம். அதுவரை அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்?

தோப்புக்காரருக்காவது கணக்குக் காட்ட மரம் இருந்தது. அந்தத் தோப்பில் கூலிக்குப் போனவங்களுக்கு? புறம்போக்கிலும் கோயில் மனையிலும் குடிசை போட்டவங்க கையில் பட்டா இல்லை. பட்டா இல்லாமல் அரசு வீடு இல்லை. பள்ளிக்கூடம் திறக்கணும்னு முகாமை மூடினா எங்கே போவாங்க? கூரை பறந்த அதே இடத்துக்குத்தான், ஒரு தார்ப்பாயோடு.

டெல்டா பிச்சை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்ட மண் உரிமையைக் கேட்கிறது. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா, புயல் தாங்கும் கான்கிரீட் வீடு, கேட்ட நிதி முழுசாக. அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி!

உங்க ஊரில் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிற குடும்பங்களைப் பட்டியல் எடுங்க. திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸுக்குச் சேர்ந்தே போவோம்.

#டெல்டாவை_மறக்காதே