டூர் போவோம், நம்ம ஆற்றோடு!



டூர் என்றதும் நம்ம பசங்க வாயில் வருவது ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப்போனால் பெங்களூர். காசு வசூல் பண்ணி, பஸ் பிடித்து, விடிய விடிய ஆட்டம் போட்டு, தூக்கக் கலக்கத்தில் ஒரு ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். போடியில் இருந்துகொண்டே கொட்டகுடி ஆறு எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஜெர்மனியில் ரைன் நதிப் பள்ளத்தாக்கில் 65 கிலோமீட்டருக்குள் சுமார் 40 கோட்டைகள். 2002-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்மிடம் நாற்பது இல்லை. ஆனால் மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் ஒன்றான போடியின் ஜமீன் அரண்மனை இருக்கிறது. அதன் லட்சுமி விலாசச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள்! முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பார்க்கலாமே.

அப்படியே ஆற்றோடு மேலே போனால் குரங்கணி. தலைக்கு மேலே டாப் ஸ்டேஷன். 1908 முதல் மூணாறு தேயிலை சின்ன ரயிலில் அங்கே வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியே போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மெக்கானிக்கல், சிவில் படிக்கிற நமக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

ஆனால் ஒன்று. "கிளம்புடா, பார்த்துக்கலாம்" என்பது டூர் அல்ல. 2018 மார்ச் 11 அன்று இதே குரங்கணி மலையில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. எல்லாம் நம்மைப் போல மலை பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள். கோடையில் காய்ந்த புல்லில் தீ பிடித்தால், காற்றோடு சேர்ந்து மேல்நோக்கித்தான் பாயும். மேலே ஏறி ஓடுகிறவனால் அதை முந்த முடியாது.

ஆகவே பிராஜெக்ட் மாதிரியே திட்டம் போடுவோம். வனத்துறை அனுமதி முதலில். பஸ் வாடகை பிறகு. கோடையில் மலை ஏறவே வேண்டாம். மழை ஓய்ந்த பசுமைக் காலமே சரி. பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் ஓரடியும் வேண்டாம். அனுமதித்த பாதையை விட்டு விலகவும் வேண்டாம். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல் ஒன்று ஆசிரியரிடம், ஒன்று வனத்துறையிடம்.

வெளியூர் நண்பர்களையும் கூப்பிடுங்கள். 2010-ல் நின்றுபோன போடி ரயில் 2023 ஜூனில் அகலப் பாதையில் திரும்பி வந்துவிட்டது!

அனுமதி வாங்க அலைவது கௌரவக் குறைச்சல் அல்ல, தோழர்களே. போன அத்தனை பேரும் வீடு திரும்பினால்தான் அது டூர்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்